வெளியூர் வரி

என் கடைக் கம்ப்யூட்டரில் ‘மாமா மனு கடைசி’ என்ற பெயரில் ஒரு ஃபைல் கிடக்கிறது. 2011 பிப்ரவரியில் அடித்தது. பாமினி எழுத்துருவில் அடித்ததால், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் கமாவும் அடைப்புக்குறியுமாகக் குழம்பித் தெரியும். அதன்பிறகு மூன்று கம்ப்யூட்டர் மாற்றிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் இதை மறக்காமல் ஏற்றிக்கொள்கிறேன். எதற்கு என்று கேட்டால் நேரான பதில் இல்லை. தேர்தல் நெருங்கினால் எங்கள் பஜார் டீக்கடையில் யாராவது ஒருவர், “இந்தத் தடவையாவது உள்ளூர்க்காரனுக்கு சீட்டு கொடுக்கணும்வே” என்று ஆரம்பிப்பார். முன்பெல்லாம் அந்தப் பேச்சில் என் சத்தம்தான் தூக்கலாகக் கேட்கும். இப்போது டம்ளரை வைத்த கையோடு கடைக்குத் திரும்பிவிடுகிறேன். உள்ளூர்க்காரன் என்றால் யார் என்று எவராவது கேட்டுவிட்டால் நான் பதில் சொல்ல வேண்டி வருமே என்றுதான்.

மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. கட்சி எது, தொகுதி எது என்று எழுதப்போவதில்லை. தென்காசி தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முந்தைய திருநெல்வேலி மாவட்டத்தின் பத்துத் தொகுதிகளில் ஒன்று, ஆற்றுத்தண்ணீர் பாய்கிற பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தொன்பது வயதில் சென்னைக்கு ரயில் ஏறியவர், கட்சியின் தலைமை அலுவலகத்தில் எடுபிடியாகச் சேர்ந்து முப்பது வருசம் அங்கேயே இருந்துவிட்டார். மேடையில் அவரை யாரும் பார்த்திருக்க முடியாது. மைக்கைப் பிடித்தால் கை நடுங்கும். மாவட்டங்களிலிருந்து வரும் அறிக்கைகளைப் பிரித்துப் படித்துச் சுருக்கி மேலே அனுப்புவது அவர் வேலை. தேர்தல் வந்துவிட்டால் கட்சியிடம் சீட்டு கேட்டு வரும் விருப்ப மனுக்களைத் தொகுதிவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் அரைப்பக்கக் குறிப்பு ஒன்று எழுதிவைக்க வேண்டும். அந்த அரைப்பக்கத்தில் தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒன்றியச் செயலாளர்களும் முன்னாள் எம்.எல்.ஏ.க்களும் அவர் வீட்டுப் படியேறுவார்கள். நம் பக்கத்து ஆட்கள் அல்வா கொண்டுபோவார்கள். மாமாவுக்குச் சர்க்கரை, அத்தை அதை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடுவாள்.

ஊருக்கு வருவது வருசத்துக்கு இரண்டு தடவை. பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோவிலுக்கு ஒரு தடவை, அம்மன் கோவில் திருவிழாவான சித்திரைக் கொடைக்கு ஒரு தடவை. நடுவில் சொந்தத்தில் சாவு விழுந்தால் இன்னொரு தடவை. எங்கள் ஊருக்குள் டவுன் பஸ் வராமல் மெயின்ரோட்டோடு போய்க்கொண்டிருந்தது; அதை உள்ளே வந்து திரும்ப வைத்தது மாமா யாரிடமோ சொல்லித்தான். அது எனக்கும் அம்மாவுக்கும் தெரியும். ஊருக்குத் தெரியாது. பஸ் முதல்முதலாக வந்த அன்றைக்கு மாலை வாங்கிக்கொண்டவர் வேறொருவர். மாமா அதைக் கேட்டுச் சிரித்தார். பின்னால் இருந்து வேலை செய்கிறவர்களுக்கு அந்தச் சிரிப்பு ஒரு பெருமை என்று அப்போது நினைத்தேன்.

அப்படிப்பட்டவர் 2011 தை மாதக் கடைசியில் ஒரு நாள் போன் செய்து, “மருமவனே, ஒரு மனு அடிக்கணும். நமக்குத்தான்” என்றார். எனக்கு நெஞ்சு படபடத்தது உண்மை. ஏன் இப்போது என்று கேட்டதற்கு, “எத்தன பேருக்குக் குறிப்பு எழுதியாச்சு. நமக்கு ஒண்ணு எழுதிப் பாக்கணும்லா” என்றார். விளையாட்டாகச் சொன்ன மாதிரிதான் இருந்தது.

அந்தத் தேர்தல் மற்றத் தேர்தல்களைப் போன்றது இல்லை. 2008 தொகுதி மறுசீரமைப்புக்குப் பிறகு வந்த முதல் சட்டமன்றத் தேர்தல். மாவட்டத்தில் பதினொன்றாக இருந்தது பத்தாகியிருந்தது. சேரன்மகாதேவி என்ற தொகுதியே இல்லாமல் போயிருந்தது. சேரன்மகாதேவி என்றால் எங்கள் பக்கத்தில் உடனே பி.எச்.பாண்டியன் பேச்சு வரும். எம்.ஜி.ஆர். இறந்தபின் அ.தி.மு.க. இரண்டாகப் பிளந்து, 1989ல் ஜானகி அம்மாள் அணி மாநிலம் முழுக்கச் சரிந்து, ஜானகி அம்மாளே ஆண்டிபட்டியில் தோற்றுப்போன தேர்தலில், அதே அணியில் நின்று சேரன்மகாதேவியில் ஜெயித்தவர் அவர். “கட்சி போனாலும் ஊர் இருந்தது” என்று எங்கள் அப்பா சொல்வார். நான் ‘உள்ளூர்க்காரன்’ கட்சியில் சேர்ந்ததே அந்தக் கதையைக் கேட்டுத்தான். மாமாவுக்கோ இந்த மறுசீரமைப்பு வேறு மாதிரித் தலைவலி. 1977லிருந்து பூத் வாரியாக அவர் மனப்பாடமாக வைத்திருந்த ஓட்டுக் கணக்கில் பாதி செல்லாக்காசாகிவிட்டது. எந்த பூத் எந்தத் தொகுதியில் போய்ச் சேர்ந்தது என்று பேரேட்டில் கோடு போட்டுப் போட்டு, புதுத் தொகுதிக்கும் பழைய கணக்கை ஒட்டவைத்துக் கொண்டுவந்திருந்தார். இத்தனைக்கும் அந்த பூத்துகளில் பாதியை அவர் கண்ணால் பார்த்ததே கிடையாது.

மனு அடிக்க இரண்டு ராத்திரி ஆயிற்று. கட்சியில் சேர்ந்த வருசம், வகித்த பொறுப்பு, சமுதாயம் எல்லாம் தட்டுத்தடங்கல் இல்லாமல் வந்தது. சாதிக் கட்டத்தை நிரப்ப அவர் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. வேறு எதை விட்டாலும் விடலாம், அதை விட்டால் மனு கீழே போய்விடும் என்றார். போராட்டத்தில் கலந்துகொண்டு சிறை சென்ற விவரம் என்ற இடத்தில் நின்றோம். மாமா சிறைக்குப் போனதில்லை. “போனவங்க பட்டியலைப் பூராவும் எழுதுனவன்னு போடலாமா?” என்று கேட்டுவிட்டு, கடைசியில் கோடு போடச் சொன்னார். அடுத்தது முகவரி. நிரந்தர முகவரி என்று எங்கள் தாத்தா வீட்டை அடித்தேன். பூட்டிக் கிடக்கிற வீடு. நடு உத்திரம் இறங்கி, மழைக்கு முற்றத்தில் பப்பாளி முளைத்துக் கிடந்தது. தற்காலிக முகவரி என்று சென்னை வீடு. முப்பது வருசம் இருந்த வீடு தற்காலிகம், முப்பது வருசமாக இல்லாத வீடு நிரந்தரம். இப்படி எழுதிக்கொடுக்கிறவர்கள் என் கடைக்குத் தினமும் வருகிறார்கள். மாமாவுக்கு அடிக்கும்போதுதான் விரல் ஒரு நிமிஷம் நின்றது.

சட்டத்துக்கு இந்தச் சங்கடம் எதுவும் கிடையாது. சட்டமன்றத்துக்கு நிற்கிறவர் தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு தொகுதியின் வாக்காளர் பட்டியலில் இருந்தால் போதும். வேறு தொகுதிக்காரர் என்றால் பட்டியலின் சான்றிட்ட நகலை வேட்புமனுவோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் முன்மொழிகிறவர் அந்தத் தொகுதி வாக்காளராக இருந்தே ஆக வேண்டும். அங்கீகாரம் பெற்ற கட்சி வேட்பாளருக்கு ஒருவர், சுயேச்சைக்குப் பத்துப் பேர். நிற்கிறவன் எந்த ஊர்க்காரனாகவும் இருக்கலாம், கைகாட்டுகிறவன் உள்ளூர்க்காரனாக இருக்கணும் என்று சட்டம் எழுதினவர்கள் யோசித்துத்தான் வைத்திருப்பார்கள் போல. “முன்மொழிய நீ இருக்க, அப்புறம் என்ன?” என்றார் மாமா. அவர் ஓட்டு சென்னையில் இருந்தது.

சென்னை அண்ணாச்சி

மனு கொடுத்துவிட்டு வந்து பன்னிரண்டு நாள் தொகுதியைச் சுற்றினோம். வாடகைக் கார், நான், மாமா, அவருடைய பேரேடு. ஒன்றியம், பேரூர், நகரம் என்று வரிசையாகப் பொறுப்பாளர்களைப் பார்ப்பது. எல்லோருக்கும் அவரைத் தெரிந்திருந்தது. பாதிப் பேர் அவருக்குக் கடன்பட்டவர்கள். ஏதோ ஒரு தேர்தலில், ஏதோ ஒரு பதவிக்கு, அவருடைய அரைப்பக்கம் உதவியிருக்கிறது. வாசலுக்கு ஓடிவந்து வரவேற்றார்கள். காப்பி கொடுத்தார்கள். வெளியே நிற்கிற ஆட்களிடம் திரும்பி, “சென்னை அண்ணாச்சி வந்திருக்காவ” என்றார்கள்.

முதல் இரண்டு இடத்தில் அது எனக்கு மரியாதையாகத்தான் கேட்டது. நாலாவது ஊரில் ஒரு நகரப் பொறுப்பாளர் தன் தம்பியிடம் அதையே சொன்னபோது குரலில் ஒரு அழுத்தம் இருந்தது. ‘சென்னை’ என்பதை இழுத்து, ‘அண்ணாச்சி’ என்பதைச் சுருக்கிச் சொன்னார். அதற்கப்புறம் ஒவ்வொரு வாசலிலும் அதைக் கவனிக்க ஆரம்பித்தேன். ஒருவரும் அவர் பெயரைச் சொல்லவில்லை. ஊர்ப்பெயரைச் சேர்த்துச் சொல்லவில்லை. சென்னை அண்ணாச்சி, தலைமை அலுவலகத்து அண்ணாச்சி. திட்டினால்கூடப் பதில் சொல்லலாம். மரியாதைக்கு என்ன பதில் சொல்ல? எங்கள் பக்கத்தில் ஒருவரைத் தள்ளிவைக்க வேண்டுமென்றால் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிடுவார்கள். தரையில் கூடவே உட்கார்ந்து பேசுகிறவன்தான் சொந்தக்காரன்.

பீடி சுற்றுகிற பெண்கள் இருக்கிற தெரு ஒன்றுக்குப் போனோம். மத்தியான வெயில். வாசல் நடையில் நாலைந்து பேர் சொளவை மடியில் வைத்துக்கொண்டு, பேச்சு நிற்காமல் கை நிற்காமல் இருந்தார்கள். மாமா கும்பிட்டார். அந்தத் தெருவின் பூத் எண், போன தேர்தலில் அங்கே விழுந்த ஓட்டு, கட்சிக்கு எத்தனை குறைந்தது என்பது எல்லாம் அவருக்குத் தெரியும்; காரிலேயே என்னிடம் சொல்லிக்கொண்டு வந்தார். இலையின் நரம்பைக் கத்தரித்துக்கொண்டிருந்த ஒரு கிழவி தலையைத் தூக்கி, “நீ யாரு மவன்ப்பா?” என்று கேட்டாள். மாமா கட்சிப் பொறுப்பைச் சொன்னார். “அது கெடக்கட்டும். யாரு மவன்?” தாத்தா பெயரைச் சொன்னார். கிழவி யோசித்தாள். பக்கத்திலிருந்தவள், “அதான், நாவமரத்து வீடு. இப்பம் பூட்டிக் கெடக்குல்லா” என்றாள். “அந்த வீட்டுப் புள்ளையா? ஒங்கம்மா செத்ததுக்கு நான் வந்தேன்” என்றாள் கிழவி. அதோடு குனிந்து இலையைக் கத்தரிக்க ஆரம்பித்துவிட்டாள். காருக்குத் திரும்புகிற வழியில் மாமா பேசவே இல்லை. பேரேட்டைத் திறக்கவும் இல்லை.

சொந்த ஊரே கைவிட்ட கதைகள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. 1962ல் அண்ணா காஞ்சிபுரத்தில் தோற்றார். 1967ல் காமராஜர் விருதுநகரில் 1,285 ஓட்டில் தோற்றார். முதலமைச்சராக இருந்த அவரை 1954ல் சட்டமன்றத்துக்கு அனுப்பியது குடியாத்தம், அப்புறம் சாத்தூர். விருதுநகரில் தோற்று இரண்டு வருசத்துக்குள் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது நாகர்கோவில். நாங்கள் மனு அடித்துக்கொண்டிருந்த அதே 2011ல்தான் கருணாநிதி, தான் வளர்ந்த திருவாரூரில் முதல்முறையாக நின்றார், 86 வயதில். 1957ல் குளித்தலையில் ஆரம்பித்து ஊர் ஊராக ஜெயித்துவிட்டு அங்கே வந்து சேர்ந்தார். அதற்கு முன் பல தேர்தல்களாக திருவாரூர் தனித்தொகுதியாக இருந்தது. எங்கள் மாவட்டத்திலேயே நாங்குநேரியில் 2006லும் 2016லும் ஜெயித்த வசந்தகுமார் அகஸ்தீஸ்வரத்துக்காரர், பக்கத்து மாவட்டம். யாரும் அவரிடம் யாரு மவன் என்று கேட்டதாகத் தெரியவில்லை. பெரிய பெயர் இருந்தால் ஊர் தேவையில்லை, ஊர் இருந்தால் பெயர் தேவையில்லை. மாமாவிடம் இரண்டும் அரை அரையாக இருந்தது. இதை அன்றைக்கு யோசிக்கவில்லை. பின்னால் ஆற அமர யோசித்ததுதான்.

நோட்டின் பின்பக்கம்

மாசிக் கடைசியில் எங்கள் அம்மன் கோவிலில் சித்திரைக் கொடைக்கான ஊர்க்கூட்டம். அதற்குள் தேர்தல் தேதி அறிவித்தாயிற்று: ஏப்ரல் 13 ஓட்டுப்பதிவு, மே 13 எண்ணிக்கை. ஓட்டுப் போட்டுவிட்டு ஒரு மாசம் பெட்டியைப் பூட்டி வைப்பார்களாம் என்று ஊரே அதிசயப்பட்டுக்கொண்டிருந்தது. கொடை அந்த ஒரு மாசத்துக்கு நடுவில்தான் வந்தது. மாமா கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தார். ஐம்பது பேர் இருப்பார்கள், எல்லாம் ஆம்பிளைகள். இரண்டு டியூப்லைட். ஒன்று மினுக்கிக்கொண்டே இருந்தது.

வரி நோட்டு ஒரு நீளமான கணக்கு நோட்டு, சிவப்புக் காலிகோ அட்டை. பீடிக் கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்த ஒரு பெரியவரிடம் அது இருந்தது. முன்பக்கம் திறந்தால் பிள்ளையார்சுழி, கீழே ‘உள்ளூர் வரி’ என்று தலைக்கட்டு வாரியாக, அதாவது குடும்பம் குடும்பமாக, பெயர்கள். நோட்டைக் கவிழ்த்துப் பின்பக்கத்திலிருந்து திறந்தால் இன்னொரு பிள்ளையார்சுழி, ‘வெளியூர் வரி’. சென்னை, பம்பாய், கோயம்புத்தூர், துபாய் எல்லாம் அதில். அந்த வருசம் உள்ளூருக்கு ஐந்நூறு, வெளியூருக்கு ஆயிரத்தைந்நூறு என்று முடிவாயிற்று. பெரியவர் முன்பக்கத்தை வாசித்து முடித்து நோட்டைக் கவிழ்த்தார். மூன்றாவது பெயர் மாமாவுடையது.

“சின்னையா, எம் பேர இந்தத் தடவ முன்பக்கத்துல எழுதிருங்க” என்றார் மாமா.

“என்னத்துக்குப்பா? ஆயிரம் ரூவா மிச்சம் பிடிக்கவா?” கூட்டம் சிரித்தது. மாமாவும் சிரித்தார்.

“அதுக்கில்ல சின்னையா. நானும் இந்த ஊர்க்காரன்தான?”

அந்த இடத்தில் சிரிப்பு நின்றது. எல்லோருக்கும் அவர் மனு கொடுத்திருப்பது தெரியும். எதற்குக் கேட்கிறார் என்பதும் தெரியும். பெரியவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். கோபப்படவில்லை. சின்னப் பிள்ளைக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிற குரலில் சொன்னார். “இல்லன்னு யாருப்பா சொன்னா? ஆனா முன்பக்கம்னா துட்டு மட்டும் இல்ல பாத்துக்கோ. கால்நாட்டு அன்னைக்கு தலைக்கட்டுக்கு ஒரு ஆள் வந்து நிக்கணும். சாமக் கொடைக்கு விறகு சுமக்கணும், மறுநாள் பந்தல் பிரிக்கணும். வராட்டா அபராதம். ராத்திரி ஒரு மணிக்கு ஊருல ஒரு சாவு விழுந்தா, நாலு ஊருக்குச் சொல்லிவிட சைக்கிள எடுத்துட்டுப் போவணும். ஒனக்கு அந்தக் கஷ்டம் என்னத்துக்கு? வெளியூர்க்காரவுகளுக்குத்தான் பரிவட்டம் கட்டி மாலை போடுதோம்.”

“நான் வாரேன் சின்னையா.”

பெரியவர் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். “சரி. எண்ணி முடியட்டும். அதுக்கப்புறம் ஒரு மாசம் கழிச்சு வா. அப்பமும் இதையே கேட்டேன்னா என் கையால மாத்தி எழுதுதேன்” என்று சொல்லிவிட்டு நாலாவது பெயரை வாசித்தார்.

யாரும் மறுக்கவில்லை, யாரும் அவமானப்படுத்தவில்லை. ஆனால் எனக்குக் காது சூடாகியது. முந்தின வருசக் கொடையில் மாமாவுக்குப் பரிவட்டம் கட்டிய போட்டோ எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது; அம்மா அதற்குப் பெருமைப்படாத நாள் இல்லை. அன்றைக்கு ராத்திரி அதைப் பார்த்தபோது அதே பரிவட்டம் வேறு மாதிரித் தெரிந்தது. அவர் தலையில் துணியைச் சுற்றும்போது, பின்னால் மங்கலாக, விறகுக் கட்டோடு ஒருவன் போகிறான். அது நான்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இதில் நான் ‘ஊர்’ ‘ஊர்’ என்று எழுதுவது எங்கள் தெருக்களை மட்டும்தான். கால்வாய்க்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறவர்கள் எங்களைவிட நீண்ட காலமாக அங்கே இருக்கிறவர்கள். எங்கள் வயலில் நாற்று நட்டவர்கள், அறுத்தவர்கள். அவர்கள் பெயர் இந்த நோட்டின் முன்பக்கத்திலும் கிடையாது, பின்பக்கத்திலும் கிடையாது. அவர்களுக்கு வேறு கோவில், வேறு நோட்டு. டீக்கடையில் ‘உள்ளூர்க்காரன்’ என்று நான் கத்தியபோதெல்லாம் எந்த நோட்டை மனதில் வைத்துக் கத்தினேன் என்று யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. எம்.எல்.ஏ. ஆகிறவர் கால்வாய்க்கு இரண்டு பக்கத்துக்கும் எம்.எல்.ஏ. அந்தக் கூட்டத்தில் மாமா கேட்டது ஒரு தெருவின் அத்தாட்சியைத்தான், அதையும் அவருக்குக் கொடுக்கவில்லை என்பது இன்னொரு விஷயம்.

இரண்டு நிமிஷம்

நேர்காணலுக்குச் சென்னை போனார். திரும்பி வரவில்லை, போனில்தான் சொன்னார். “ரெண்டு நிமிஷம் மருமவனே. மூணு கேள்வி.” மாவட்டம் உங்களுக்கு ஒத்துழைக்குமா, எவ்வளவு செலவு செய்வீர்கள், உங்களுக்குத் தராவிட்டால் தருகிறவருக்கு வேலை பார்ப்பீர்களா. அந்தக் கேள்விகளை அந்த அறையின் மூலையில் உட்கார்ந்து எத்தனையோ தேர்தலில் காதால் கேட்டிருக்கிறார். செலவுக்கு மாமா சொன்ன பதில்: தேர்தல் ஆணையம் சொல்கிற பதினாறு லட்சம். அதற்குச் சில வாரம் முன்புதான் வரம்பை பத்திலிருந்து பதினாறாக ஏற்றியிருந்தார்கள் (இப்போது அது 40 லட்சம்). உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்களாம். நல்ல ஜோக் என்று நினைத்துவிட்டார்கள். மாமாவும் அதை ஜோக்காகத்தான் சொன்னாரா என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை. வெளியே வந்து, பக்கத்து அறையிலிருந்த தன் மேஜைக்குப் போய், அடுத்த மாவட்டத்து மனுக்களை அடுக்கினாராம்.

அவருடைய மனுமேல் அரைப்பக்கம் எழுதியது அவரிடம் வேலை பழகின ஒரு பையன். எழுதியதை மாமா பார்த்திருக்கிறார். “உழைப்பாளி. விசுவாசி. தொகுதியில் அறிமுகம் குறைவு.” அவ்வளவுதான். “நான் சொல்லிக்குடுத்த வார்த்தை” என்றார். நூற்றுக்கணக்கான பேருக்கு அதையே எழுதியிருக்கிறார். யாரையும் நோகடிக்காமல் கீழே தள்ள அதைவிட நல்ல வார்த்தை கிடையாதாம்.

நாலைந்து நாளில் போன் வந்தது. “தொகுதி கூட்டணிக்குப் போயிட்டு.” ஆக, மனுவும் பன்னிரண்டு நாள் காரும் இரண்டு நிமிஷமும் அரைப்பக்கமும் ஒன்றுக்கும் இல்லை. அந்தத் தொகுதிக்கு மனு கொடுத்த அத்தனை பேருக்கும் அதே கதி. உள்ளூரா வெளியூரா என்ற பேச்சே எழவில்லை. எண்ணிக்கையில் ஒரு இடம் யாருக்கோ தேவைப்பட்டது, போய்விட்டது.

எனக்கு உறுத்துவது இதற்கப்புறம்தான். ரொம்ப நாள் முன்னால், நான் கடை வைத்த புதிதில், மாமா ஒரு ரகசியம் மாதிரிச் சொல்லியிருக்கிறார்: எந்தெந்த இடம் கூட்டணிக்கு என்று உத்தேசமாகத் தெரிந்தாலும் அங்கேயும் நேர்காணல் நடத்துவோம், பணம் கட்டினவனுக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்று. அப்படியானால் தன் தொகுதி போகப் போகிறது என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? கூட்டணிப் பேச்சுக்குத் தொகுதிவாரியாகக் கணக்கு தயாரித்துக் கொடுக்கிற அறையில் உட்கார்ந்திருந்தவர். தெரிந்தே மனுவுக்குப் பணம் கட்ட டிடி எடுத்தாரா? தெரிந்தே அந்தக் கிழவி முன்னால் கும்பிட்டு நின்றாரா? மூன்று வருசம் கழித்து ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேவிட்டேன். மாமா அவியலை இலையின் ஓரத்துக்கு ஒதுக்கினார். “தெரிஞ்சா வரக்கூடாதா?” என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. ரசம் வந்துவிட்டது.

அந்த வருசக் கொடைக்கு அவர் வரவில்லை. கூட்டணி வேட்பாளருக்காகத் தலைமை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது கேள்விக்குச் சொன்ன பதிலைக் காப்பாற்றினார் என்று சொல்ல வேண்டும். ஆயிரத்தைந்நூறு மணியார்டரில் வந்தது. பெட்டிகள் பூட்டிக் கிடக்க, நாங்கள் விறகு சுமந்தோம், சாமக் கொடை பார்த்தோம், பந்தல் பிரித்தோம். ஓட்டு எண்ணி ஒரு மாசம் கழித்து, ஆனி பிறக்கப்போகிற சமயம், வரி நோட்டுப் பெரியவர் என் கடைக்கு ஏதோ ஜெராக்ஸ் எடுக்க வந்தார். சில்லறையை எண்ணி வைத்துவிட்டு, “ஒம் மாமன் வந்தானாப்பா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “ம்” என்றார். அவர் கேலிக்குக் கேட்கவில்லை. தேதியை நினைவில் வைத்துக்கொண்டு கேட்டார் என்பதுதான் என்னைப் போட்டு அறுத்தது. மாமா அன்றைக்கு வந்து நின்றிருந்தால் நிச்சயம் மாற்றி எழுதியிருப்பார்.

பெரியவர் போய்ச் சேர்ந்து வருசமாகிறது. நோட்டு இப்போது என் கடைக்கு வந்துவிட்டது. சிவப்பு அட்டையெல்லாம் இல்லை, எக்செல்லில் இரண்டு பக்கம். ஒவ்வொரு மாசிக்கும் இறந்தவர்களை எடுத்து, கல்யாணம் ஆனவர்களைத் தனித் தலைக்கட்டாகச் சேர்த்து, நாற்பது பிரதி எடுத்துக் கொடுப்பேன். மாமா பெயர் இரண்டாவது பக்கத்தில் மூன்றாவது இடத்தில். வெட்டி முதல் பக்கத்தில் ஒட்ட ஒரு நிமிஷம் ஆகாது. கேட்க ஆளும் இல்லை, கேள்வி கேட்க ஆளும் இல்லை. மாமா கட்சி வேலையிலிருந்து ஓய்ந்துவிட்டார். தாத்தா வீட்டு உத்திரத்தை மாற்றி ஓடு மாற்றி வெள்ளை அடித்திருக்கிறார். வருசத்துக்கு ஒரு மாசம் வந்து இருக்கிறார், பிள்ளைகள் சென்னையில்.

போன மாசியில் போன் செய்தார். “இந்தத் தடவ வரி எவ்வளவுல?” என்றார். உள்ளூருக்கு ரெண்டாயிரம், வெளியூருக்கு ஐயாயிரம் என்றேன். சரி என்று வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் ஜிபேயில் ஏழாயிரம் வந்து விழுந்தது. குறிப்பு எதுவும் எழுதவில்லை. திருப்பிக் கூப்பிட்டுக் கேட்கலாமா என்று பார்த்தேன், கேட்கவில்லை. ஐயாயிரத்தை அவர் பெயருக்கு நேரே எழுதிவிட்டு, மீதி இரண்டாயிரத்துக்கு நன்கொடை என்று ரசீது போட்டேன்.